2.5-ஐ ரவுண்ட் செய்தால் 2 வருவது ஏன்?

கேள்வி: பைத்தான் மொழியில் 2.5-ஐ முழு எண்ணாக ரவுண்ட் செய்தால் 2, 3.5-க்கு 4. இது கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது பைத்தான் 3-இன் விதி. பாதியை எப்போதும் மேலேயே ஏற்றினால், நிறைய எண்களைக் கூட்டும்போது மொத்தமும் மெல்ல ஏறிவிடும். இரட்டைப்படைக்குப் போனால் ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் ஈடாகிவிடும். கணினிகள் தசம எண்களைக் கையாள்வதற்கான ஐஇஇஇ 754 தரத்திலும் வழக்கமான முறை இதுதான். பைத்தான் 2 அப்படியில்லை, 2.5-க்கு 3 என்றே சொல்லும்.

சி மொழியின் ரவுண்ட் இன்றும் 2.5-க்கு 3, -2.5-க்கு -3 தருகிறது. ஜாவாஸ்கிரிப்டிலோ -2.5-க்கு -2! நிரலை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறவர்கள் நெகட்டிவ் பாதிகளை முதலில் சோதித்துவிடுவது நல்லது.

கேள்வி: 0.29-ஐ 100-ஆல் பெருக்கி இன்ட் (முழு எண்) ஆக்கினால் 28 வருகிறதே?

பதில்: 0.29 பைனரியில் துல்லியமாக அடங்காது. பெருக்கினால் கிடைப்பது 28.999999999999996. இன்ட் ரவுண்ட் செய்வதில்லை, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அப்படியே வெட்டிவிடுகிறது. ரவுண்ட் போடுங்கள், 29 வரும். பணக்கணக்கு என்றால் இப்படிப் பைனரியில் எண்ணை வைக்கும் ஃப்ளோட் பக்கமே போகாதீர்கள், பத்தின் அடிப்படையிலேயே கணக்கிடும் டெசிமல் இருக்கிறது.

கேள்வி: வெட்டுவதும் ஃப்ளோரும் (கீழே உள்ள முழு எண்ணுக்கு இறக்குவது) ஒன்றுதானே?

பதில்: பாசிட்டிவ் எண்களில் மட்டும். -2.9-ஐ வெட்டினால் -2, ஃப்ளோர் செய்தால் -3.

கேள்வி: 0.5 கூட்டி ஃப்ளோர் போடும் பழைய உத்தி போதாதா?

பதில்: பெரும்பாலும் போதும், அதனால்தான் அதன் ஓட்டை கண்ணில் படுவதில்லை. 0.49999999999999994 என்பது டபுள் என்ற 64 பிட் தசம எண் வகையில் பாதிக்குச் சற்றே கீழே இருக்கும் எண். அதோடு 0.5 கூட்டினால் உண்மையான விடை டபுளில் அடங்காமல் 1 ஆகிவிடுகிறது. ரவுண்ட் செய்தால் வர வேண்டியது 0. ஜாவா 6-இன் மேத் ரவுண்டே இதில் வழுக்கியது, ஜாவா 7-இல்தான் திருத்தினார்கள். பெரிய எண்களில் இன்னும் வேடிக்கை: 4503599627370497 ஏற்கெனவே முழு எண். இந்த உத்தியைப் போட்டால் கடைசி இலக்கம் 8 ஆகிவிடும்! மொழியிலேயே ரவுண்ட் இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் பூஜ்யத்தோடு பிட்வைஸ் ஆர் (| 0) போட்டு தசமத்தை வெட்டலாமா? வேகம் என்கிறார்கள்.

பதில்: அது குறியுள்ள 32 பிட்டுக்குள், அதாவது பிளஸ், மைனஸ் இரு பக்கமும் சுமார் 214 கோடிக்குள், அடங்கும் எண்களுக்கு மட்டுமே சரி. 3000000000-ஐக் கொடுத்தால் -1294967296 வரும். தசமத்தை வெட்டுவதற்கென்றே இருக்கும் மேத் ட்ரங்க் போதும்.