கறுப்புப் புறாச் சோடிக்குச் சிவப்புக் குஞ்சு எப்படி வந்தது?

கல்லடித் தம்பியின் கேள்வி இது: தாயும் தகப்பனும் கறுப்பு, குஞ்சொன்று சிவப்பு, பேடு வேறு சேவலோடு சேர்ந்திருக்குமா?

பேட்டைச் சந்தேகப்பட முதல், இறகு முளைத்ததும் குஞ்சின் வாலைப் பாருங்க. புறாவில் சிவப்பு இரண்டு வகை. வால் நுனி வரைக்கும் ஒரே செங்கல் நிறமென்றால் அது பின்னிடைவான சிவப்பு. தாய், தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருந்த பரம்பரையலகு இரண்டும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும்; முட்டைக்கு நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டைதானே, பல ஈடு கழித்துத்தான் தலைகாட்டவும் கூடும்.

உடல் சாம்பல் கலந்து, வால் வெளுத்திருந்தால் கதை வேறு. அது சாம்பல் சிவப்பு. ஆட்சியானது, அதாவது ஒரு பரம்பரையலகு இருந்தாலே வெளியே தெரியும்; கறுப்புப் புறாவுக்குள் ஒளிந்திருக்காது. அப்படியென்றால் பக்கத்து வளவுச் சேவலை விசாரிக்கலாம்!

இந்தச் சாம்பல் சிவப்பு, சேவலா பேடா என்று தீர்மானிக்கும் பால் நிறமூர்த்தத்தில் இருப்பதால் ஒரு வசதியும் உண்டு. நீலச் சேவலையும் சாம்பல் சிவப்புப் பேட்டையும் சோடி போட்டால் சிவப்புக் குஞ்செல்லாம் சேவல், நீலமெல்லாம் பேடு. பால் பார்க்கத் தடவித் திரியத் தேவையில்லை.

கறுப்பும் தனி நிறமல்ல. நீலத்தின் அதே கருஞ்சாயம், நீலப் புறாவின் இறக்கையில் விழும் பட்டை போல விழாமல் உடம்பெங்கும் பரவியது.