சீனப் புத்தகத்தை எந்தத் தட்டில் வைப்பது?

முல்லைத்தீவுப் பக்கமுள்ள ஒரு பொது நூலகத்தின் பொறுப்பாளர் கேட்கிறார்: "அன்பளிப்புப் பெட்டியில் 14 சீன நூல்கள் வந்திருக்கின்றன. இங்கே சீனம் தெரிந்தவர் யாருமில்லை. 'சீன நூல் 1, 2' என்று பதிந்து அலுமாரியில் வைத்துவிடலாமா?"

வேண்டாம். அப்படிப் பதிந்தால் பிறகு எவராலும் அதைத் தேடி எடுக்க முடியாது.

முதலில் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். சீனாவில் அச்சான பெரும்பாலான நூல்களில் அங்கே ஒரு பட்டியல் குறிப்பு இருக்கும். எழுத்து புரியாது, சரி. குறிகள் உங்களுக்குப் பழகியவைதான். சாய்கோட்டுக்கு முன்னே தலைப்பு, பின்னே ஆசிரியர். நீள்கோட்டுக்கு அப்பால் ஊர், முக்காற்புள்ளி, பதிப்பகம், காற்புள்ளி, ஆண்டு. நாம் பட்டியல் அட்டையில் எழுதும் அதே ஒழுங்கு!

குறிப்பின் கடைசியில் ஆங்கில எழுத்தோடு ஓர் இலக்கம் நிற்கும். அதுதான் சீன நூலகப் பகுப்பெண். (பக்கத்தில் வரும் உரோம எண்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.) 'ஐ' இலக்கியம், 'கே' வரலாறும் புவியியலும், 'ஆர்' மருத்துவம், 'எஸ்' விவசாயம். 'டிவி' என்றிருந்தால் தொலைக்காட்சி அல்ல, நீர்ப்பொறியியல். குளத்து நீரை நம்பி வயல் செய்யும் வன்னியில் அந்த நூல் நம் நூலகங்களில் தட்டு எண் தரும் தூயி பகுப்பு முறையில் 627இல், மற்ற நீர்ப்பொறியியல் நூல்களோடுதான் இருக்க வேண்டும். 'பிறமொழி' மூலையில் அல்ல. விவசாயம் 630, மருத்துவம் 610, சீன இலக்கியம் 895.1, சீன வரலாறு 951.

அப்புறம் ஐஎஸ்பிஎன். சீனாவில் வெளியான நூல் என்றால் 978-7 என்று தொடங்கும்; 2007க்கு முந்திய பத்திலக்க எண் என்றால் 7 என்று தொடங்கும். அதை வைத்து உலக நூலகங்களின் இணையக் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டிலோ அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பட்டியலிலோ தேடுங்கள். கிடைக்கும் பதிவில் பின்யின் எனப்படும், சீன ஒலியை ரோமன் எழுத்தில் எழுதிய வடிவமும், பெரும்பாலும் மூல எழுத்துக்கான 880 எண் புலத்தில் சீன எழுத்தும் இருக்கும். இரண்டையும் கோஹா நூலக மென்பொருளில் ஏற்றுங்கள். 'லீ' என்று பின்யினில் ஒன்றாகத் தெரியும் இரண்டு குடும்பப் பெயர்கள் சீன எழுத்தில் வேறுவேறு. எழுத்தை விட்டால் ஆளே மாறிவிடுவார்.

பெயரில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும், புரட்டிப் போடாதீர்கள். காங்கிரஸ் நூலகம் 2000 ஒக்டோபர் 1இல்தான் வேட்-ஜைல்ஸ் என்ற பழைய ரோமன் எழுத்துமுறையிலிருந்து பின்யினுக்கு மாறியது. அதனால் உங்களிடமுள்ள பழைய மாவோ நூல்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு 'பார்க்க' அட்டை போட்டுவிடுங்கள்.

கைபேசிக் கமரா தரும் மொழிபெயர்ப்பைத் தலைப்பாக எழுதவே கூடாது. பொருளைச் சரிபார்த்த பிறகு, "சீன மொழியில், நெல் நோய்கள் பற்றியது" என்று தமிழில் ஒரு குறிப்புச் சேர்த்தால் போதும். வாசகருக்கு உதவப்போவது அந்த ஒரு வரிதான்.

மேலிருந்து கீழாக அச்சிட்ட நூல்கள் வலப்பக்கமிருந்து திறக்கும். நமக்குக் கடைசிப் பக்கமாகத் தெரிவதுதான் அங்கே முதற்பக்கம். அதைப் பார்த்து முத்திரை குத்துங்கள்.