30° சரிவில் ஜீப்பைக் குறுக்காக ஓட்டலாமா? 45° வரை கவிழாது என்கிறார்களே?

வேண்டாம். அந்த 45° ஏட்டுச் சுரைக்காய். இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வருவது கவிழும் கோணத்தின் டேன் (tan) மதிப்பு. அகலம் 150 செ.மீ., மையம் 75 செ.மீ. உயரத்தில் என்றால் 45°. கேரியரில் கூடாரம், ஸ்டெப்னி, தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றி மையம் 85 செ.மீ. உயரத்துக்குப் போய்விட்டால் 41°தான். இதுவும் வண்டி அசையாமல் நிற்கும்போது. ஸ்பிரிங்கும் டயரும் அமுங்குவது இந்தக் கணக்கில் இல்லை.

நிஜத்தில் ஆளைக் கவிழ்ப்பது தரையின் மேடுபள்ளம். மேட்டுப்பக்கச் சக்கரங்கள் 15 செ.மீ. வரப்பில் ஏறினால் சாய்வு ஏறக்குறைய 6° கூடும். அதே நேரம் பள்ளப்பக்கச் சக்கரங்கள் அதே ஆழமுள்ள தடத்தில் இறங்கினால் இன்னொரு 6°. 25° சரிவு ஒரே நொடியில் 37° ஆகிவிடும். வேகமும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

20° தாண்டினாலே நேராக ஏறுங்கள், இல்லை நேராக இறங்குங்கள், நடுச்சரிவில் திருப்பாதீர்கள். மேட்டுப்பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கினால் ஸ்டீயரிங்கை உடனே பள்ளத்தை நோக்கித் திருப்பி, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள். மேட்டுப்பக்கம் ஒடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. சீட்பெல்ட் கழற்றாதீர்கள், கையை வெளியே நீட்டி முட்டுக்கொடுக்கப் பார்த்தால் கைதான் நசுங்கும்.