வெறும் 4 சதவீதம்!

கேள்வி: உலகத்தின் மொத்த உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு வெறும் 4 சதவீதம். அதற்குப் போய் மாதாமாதம் இரண்டு பக்கம் ஒதுக்குகிறீர்களே, அதைப் பங்குச்சந்தைக்குத் தரக்கூடாதா?

பதில்: 80 பக்க இதழில் 4 சதவீதம் என்றால் மூன்று பக்கத்துக்கு மேல் வருகிறது. நான் தருவது இரண்டுதான். உங்கள் கணக்குப்படியே குறைத்துத்தான் கொடுத்திருக்கிறேன், அதற்காகத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். (சதவீதம் இல்லை, விழுக்காடு என்றுதான் எழுத வேண்டும் என்று வழக்கமாகக் கடிதம் போடும் ஐயா இந்த முறையும் போடுவார். போடட்டும்.)

என்னை உறுத்துவது அந்த 'வெறும்'. மூளைகூட உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். வெறும் 2 தானே என்று அந்த இடத்தை வயிற்றுக்குக் கொடுத்துவிடலாமா? சில தொலைக்காட்சி விவாதங்களைப் பார்த்தால் ஏற்கனவே கொடுத்துவிட்டார்கள் போலத்தான் இருக்கிறது. வளர்ச்சி விகிதத்தைப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை ஒப்பிப்பார்கள், புள்ளிக்கு முன்னால் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டால் விளம்பர இடைவேளை வந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த 4 விளைச்சலின் அளவு இல்லை, அதன் விலை. அதுவும் வயலில் கிடைக்கிற விலை. கோதுமை மாவாகிவிட்டால் தொழில்துறைக் கணக்கு, லாரியில் ஏறினால் போக்குவரத்துக் கணக்கு, தட்டில் விழுந்தால் ஓட்டல் கணக்கு. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த கிரிகரி கிங் பெயரில் ஒரு பழைய கணக்கு உண்டு: விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தானிய விலை பத்தில் மூன்று பங்கு ஏறும், பாதியாகக் குறைந்தால் வழக்கமான விலையைப் போல் ஐந்தரை மடங்காகும். பெருக்கிப் பாருங்கள். பாதி விளைந்த வருடத்தில் தானியத்தின் மொத்த மதிப்பு இரண்டே முக்கால் மடங்கு! அதாவது ஊரே பட்டினி கிடக்கும் வருடத்தில் விவசாயத்தின் 'பங்கு' கூடும், அமோகமாக விளைந்தால் சுருங்கும். ஒழுங்காக வேலை பார்த்தவனுக்குக் கிடைக்கிற பட்டம்தான் உங்கள் 'வெறும்'.

இலங்கையில் விவசாயத்தின் பங்கு 10 சதவீதத்துக்கும் குறைவு. 2021-ல் ரசாயன உர இறக்குமதிக்குத் திடீரென்று தடை போட்டார்கள், நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் நெல் விளைச்சல் சரிந்து, ஏற்கனவே டாலர் இல்லாத நாடு அரிசியையும் வெளியே வாங்க வேண்டியதாயிற்று. மறு வருடம் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்ததற்கு அது மட்டும் காரணமில்லை, அந்தக் கடன் தனிக்கதை. ஆனால் விழுகிற நேரத்தில் அந்தச் சின்னப் பங்கும் சேர்த்துத்தான் இழுத்தது.

அதற்காக மைக்கைப் பிடித்து மண்வாசனை, முதுகெலும்பு என்று உருகுகிற கோஷ்டியோடும் நான் சேர மாட்டேன், அவர்களோடு எனக்குச் சண்டை இன்னும் பழையது. விவசாயத்தின் பங்கு மிக அதிகமாக இருக்கும் நாடுகள் பெரும்பாலும் மிக ஏழை நாடுகள். உருகுகிறவர்கள் தங்கள் பிள்ளையை வயலில் இறக்கி நான் பார்த்ததே இல்லை. உங்கள் 4-க்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய எண் வேறு: உலகத்தில் வேலை பார்ப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் விவசாயத்தில் இருக்கிறார். இத்தனை பேரும் சேர்ந்து பிரித்துக்கொள்வது அந்த 4-ஐத்தான், மற்றவர்களுக்கு 96.

அவர்கள் கையில் காசு புரளவில்லை என்றால் சோப்பும் பைக்கும் சிமெண்டும் செய்கிற கம்பெனிகளுக்கு விற்பனை படுத்துவிடும். அந்தக் கம்பெனிகளின் பங்குகளைத்தான் நீங்கள் வாங்கி வைத்திருப்பீர்கள். அவற்றின் காலாண்டு அறிக்கைகளைப் புரட்டுங்கள், 'கிராமப்புறத் தேவை' எங்காவது தலைகாட்டும். நான் பங்குச்சந்தைப் பக்கமே ஆரம்பித்தாலும் பாதிப் பக்கத்துக்கு மழையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கும்.