கொலஸ்ட்ரால் நார்மல் என்றால் மாத்திரை எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 112. ரிப்போர்ட்டில் நார்மல் என்றுதான் இருந்தது. ஆனாலும் டாக்டர் அடோர்வாஸ்டாடின் 10 என்ற கொழுப்பு மாத்திரையை எழுதினார். அது சர்க்கரையை ஏற்றும் என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு இவர் நிறுத்திவிட்டார். சர்க்கரையைக் குணமாக்கும் மூன்று மாத பேக்கேஜில் சேர்ந்தால் எல்லா மாத்திரையையும் விட்டுவிடலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நிறுத்திய மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் அளவு ஊருக்கே பொதுவானது. 25 வயதுப் பையனுக்கும் அதுதான், உங்கள் கணவருக்கும் அதுதான். அந்த அளவுக்குள் இருந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் ஸ்டார் விழாது, நாமும் நிம்மதியாக மடித்து வைத்துவிடுவோம். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தவருக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே இருப்பது நல்லது. இதை ரிப்போர்ட்டில் ஒரு வரியாகப் போட லேப்காரர்களுக்கு என்ன கஷ்டமோ!

உங்கள் கணவரைப் போன்றவர்களிடமே இதைச் சோதித்திருக்கிறார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த 'கார்ட்ஸ்' ஆய்வில் 2,838 பேர். எல்லோருக்கும் சர்க்கரை உண்டு, யாருக்கும் அதுவரை மாரடைப்பு வந்ததில்லை, கொழுப்பும் எகிறியிருக்கவில்லை. பாதிப் பேருக்கு இதே 10 மில்லிகிராம், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், ஆய்வைக் குறித்த காலத்துக்கு இரண்டு வருடம் முன்பே முடித்துக்கொண்டார்கள். முடிவு வந்தது 2004-இல்.

சர்க்கரை ஏறுமா? கொஞ்சம் ஏறலாம், அது பொய்யில்லை. 2010-இல் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 255 பேர் இந்த வகை மாத்திரையை நான்கு வருடம் சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை நோய் வருகிறது என்று தெரிந்தது. அது சர்க்கரை இல்லாதவர்களின் கணக்கு. உங்கள் வீட்டில் அது ஏற்கெனவே வந்தாயிற்று. லேசாக ஏறினால் சர்க்கரை மாத்திரையைச் சரிசெய்துகொள்ளலாம், மாரடைப்பை அப்படிச் சரிசெய்ய முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். தசை வலி. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டவர்களை வைத்து லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. மாத்திரை தின்ற மாதங்களில் இருந்த தொந்தரவில் சுமார் 90 சதவீதம் வெற்று மாத்திரை தின்ற மாதங்களிலும் இருந்தது. ஆகவே ஒரு முழங்கால் வலித்தால் மாத்திரையைப் பழிக்காதீர்கள். ஆனால் இரண்டு தொடையும் சேர்ந்து வலிக்கிறது, தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை, சிறுநீர் கறுத்துக் கோலா நிறத்தில் போகிறது என்றால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சளி, காய்ச்சலுக்கு வேறு டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரை பெயரைச் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் இதோடு சேர்ந்தால் இந்தத் தசைத் தொல்லை வரலாம்.

அப்புறம், அந்த பேக்கேஜ். இப்படி பேக்கேஜ் விற்பவர்கள் பூங்கா வாசலில் மேசை போட்டு, இலவசமாக விரலில் குத்திப் பார்த்து, போன் நம்பரை வாங்கிக்கொள்வார்கள். மறுநாளே அழைப்பு வரும், மாதத் தவணையும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். எடை நன்றாகக் குறைந்தால் சிலருக்குச் சர்க்கரை மாத்திரை குறைவது உண்மைதான். அதற்கு அவர்கள் தேவையில்லை. 'மூலிகைப் பொடி' கொடுத்தால் வாயில் வைக்கவே வேண்டாம். இப்படி விற்ற பொடிகளில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மருந்தே கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அளவு தெரியாமல் அதைத் தின்றால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் போட்டுவிடும்.

எதற்கு இந்த மாத்திரை என்று எழுதும்போதே இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் உங்கள் கணவர் வாட்ஸ்அப்பை நம்பியிருக்க மாட்டார். வாசலில் டோக்கனோடு எண்பது பேரை உட்காரவைத்துவிட்டு டாக்டரிடம் அந்த இரண்டு நிமிடத்தை எதிர்பார்க்கிறோம், அதுதான் கோபமாக வருகிறது. அடுத்த முறை நீங்களும் கூடவே போங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் எல்டிஎல்லைத் திரும்பப் பார்த்து, 10 மில்லிகிராம் போதுமா என்று நீங்களே கேளுங்கள்.