சொந்தக் கம்பைலருக்கு எல்எல்விஎம் (கம்பைலர் கட்ட உதவும் லைப்ரரித் தொகுப்பு) தேவை. அதை முழுசாக பில்ட் செய்தாக வேண்டுமா?

வேண்டாம். உபுண்டு என்றால் எல்எல்விஎம் டெவ் பேக்கேஜை நிறுவினாலே போதும். வேளச்சேரியில், மே மாத வெயிலில், 8 ஜிபி லேப்டாப்பில் டீபக் பில்ட் போட்டுப் பார்த்தவன் சொல்கிறேன்: லிங்க் கட்டத்தில் மெமரி தீர்ந்து மெஷினே உறைந்துவிட்டது.

உங்கள் ப்ராஜெக்டின் சிமேக் (பில்டை அமைத்துத் தரும் கருவி) கோப்பில், எல்எல்விஎம்மைத் தேடும் ஃபைண்ட் பேக்கேஜ் வரியில் கான்ஃபிக் என்பதையும் சேருங்கள். அகப்படவில்லை என்றால் 'எல்எல்விஎம் டிர்' மாறியில், நிறுவிய இடத்துக்குள் இருக்கும் லிப்/சிமேக்/எல்எல்விஎம் ஃபோல்டரைக் கொடுங்கள். லைப்ரரிப் பெயர்களைக் கையால் அடுக்காதீர்கள்.

அப்புறம் ஆர்டிடிஐ, அதாவது ப்ரோகிராம் ஓடும்போதே ஆப்ஜெக்டின் டைப்பை அறியும் சி++ வசதி. லிங்கர் 'டைப்இன்ஃபோ' இல்லை என்று புலம்பினால் பெரும்பாலும் இதுதான். எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. சோர்ஸிலிருந்து கட்டிய எல்எல்விஎம்மில் இது இயல்பாகவே அணைந்திருக்கும். அப்படியானால் உங்கள் சி++ கோடையும் ஆர்டிடிஐ இல்லாமலே கம்பைல் செய்யுங்கள்.