‘நன்றி: கூகுள்’ என்று போட்டால் போதாது

வணக்கம். விக்கிமீடியா காமன்ஸ் என்ற கட்டற்ற படக் களஞ்சியத்தில் இருந்த தஞ்சைப் பெரிய கோயில் படத்தை வெட்டி, பயணக் கட்டுரையில் ‘நன்றி: கூகுள்’ என்று போட்டுவிட்டீர்கள், இப்போது படமெடுத்தவர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பதற வேண்டாம். கூகுள் தேடித் தருமே தவிர, படம் அதன் சொத்து இல்லை. நானும் பல வருடம் இதே தவறைச் செய்தவன்தான்.

முதலில் படத்தின் பக்கத்தைத் திறந்து உரிமத்தைப் பாருங்கள். சிசி பை-எஸ்ஏ 4.0 (எடுத்தவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் பகிரலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்) என்றிருந்தால் உங்களுக்கு நல்ல காலம்: மீறல் தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்தால், படத்தைப் பயன்படுத்த நீங்கள் இழந்த உரிமை தானாகவே திரும்பிவிடும். இதன் முந்தைய பதிப்பான 3.0இல் இந்தச் சலுகை கிடையாது. படத்துக்கு அடியில் இப்படிப் போடுங்கள்: ‘படம்: எடுத்தவர் பெயர், விக்கிமீடியா காமன்ஸ், சிசி பை-எஸ்ஏ 4.0, ஓரங்கள் வெட்டப்பட்டுள்ளன’. உரிமத்துக்கும் மூலப்பக்கத்துக்கும் இணைப்புக் கொடுங்கள். வெட்டியதைச் சொல்வதும் கட்டாயம். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

‘நியாயமான பயன்பாடு’ என்று வாதாடப் போகாதீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கு இடம் தருகிறது. கட்டுரைக்கு அழகு சேர்க்க எடுத்த படம் அதில் அடங்குவது கடினம்.

அப்புறம், அவருக்கு இரண்டு வரி மன்னிப்பும் திருத்திய பக்கத்தின் இணைப்பும் இன்றே அனுப்பிவிடுங்கள்.